ஒரு சொலிசிட்டரும் ஒரு கைப்புத்தகமும்: லெஸ்டர் நகரின் சாமுவேல் ஸ்டோன்



சட்டத் துறைப் பெரியோர்கள் என்று சொன்னால் நாம் யாரை நினைக்கிறோம்? பெரிய தீர்ப்புகளை எழுதிய நீதிபதிகளை நினைக்கிறோம். நாடே பேசிய வழக்குகளை நடத்திய பாரிஸ்டர்களை நினைக்கிறோம். அரசியல் சட்டம் வகுத்த மேதைகளை நினைக்கிறோம். நினைக்க வேண்டியவர்கள்தான். ஆனால் இன்று மாலை நான் பேச வந்திருப்பவர் இந்த வரிசையில் எங்கும் வராதவர். லண்டனின் உயர் நீதிமன்றங்களில் எழுந்து நின்று வாதாடும் உரிமைகூட அந்தக் காலத்தில் அவருடைய தொழிலுக்குக் கிடையாது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், காலுறை பின்னிப் பிழைத்த ஒரு தொழில் நகரத்தில், 36 ஆண்டுகள் டவுன் கிளார்க்காக இருந்தவர். அவர் பெயர் சாமுவேல் ஸ்டோன்.

அவர் 1842ஆம் ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். மாஜிஸ்திரேட்டுகளுக்கான கைப்புத்தகம். விக்டோரியா மகாராணி அரியணை ஏறி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். மகாராணி போய்விட்டார், சாம்ராஜ்யம் போய்விட்டது, அன்றிருந்த சட்டங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. அந்தப் புத்தகம் மட்டும் போகவில்லை. 'ஸ்டோன்ஸ் ஜஸ்டிசஸ் மானுவல்' என்ற பெயரில், எழுதியவரின் பெயரைத் தாங்கி, இன்றைக்கும் ஆண்டுதோறும் புதுப்பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. ஒரு சின்ன நகரத்துச் சொலிசிட்டருக்கு இது எப்படி வாய்த்தது? அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் அவருடைய தொழிலைப் பார்ப்போம். இங்கிலாந்தில் வக்கீல் தொழில் இரண்டு கிளையாக இருந்தது, இன்றும் இருக்கிறது. கறுப்பு கவுன் அணிந்து, தலையில் விக் வைத்து, நீதிபதி முன் வாதாடுபவர் பாரிஸ்டர். கட்சிக்காரரை நேரில் பார்த்து, பத்திரம் எழுதி, மனு தயாரித்து, சாட்சியைத் திரட்டி, பாரிஸ்டர் கையில் கட்டாகக் கொடுப்பவர் அட்டர்னி அல்லது சொலிசிட்டர். நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடிலும் அட்டர்னிகள் இருந்தார்கள் என்பது இங்கே இருக்கும் மூத்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்து ஆங்கிலச் சமூகம் பாரிஸ்டரைக் கனவானாகப் பார்த்தது. அட்டர்னியைக் கூலிக்கு எழுதுபவராகப் பார்த்தது. அட்டர்னி ஆக வேண்டுமென்றால் கல்லூரி தேவையில்லை. வேறொரு அட்டர்னியிடம் ஐந்தாண்டு ஒப்பந்தம் எழுதிச் சேர வேண்டும். ஐந்தாண்டும் நகல் எடுக்க வேண்டும். பத்திரம், நோட்டீஸ், சம்மன், வாக்குமூலம் என்று கை கடுக்க எழுத வேண்டும். எழுத்துத் தேர்வு என்று ஒன்று 1836இல்தான் வந்தது. ஸ்டோன் அதற்கு முன்பே தொழிலுக்கு வந்துவிட்டவர்.

இந்தப் பயிற்சியைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள். நான் பேசமாட்டேன். ஐந்தாண்டு நகல் எடுத்தவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சட்டம் எங்கே தடுக்கி விழுகிறது என்பது தெரியும். தேதி தவறினால் வழக்கு விழும். ஒரு சொல் விடுபட்டால் வாரண்ட் செல்லாது. கையெழுத்து இடம் மாறினால் ஆறு மாத உழைப்பு வீண். இந்த அறிவு தத்துவ நூல்களில் கிடைக்காது. அலுவலக மேசையில்தான் கிடைக்கும். ஸ்டோனின் புத்தகம் முழுக்க முழுக்க அந்த மேசையில் பிறந்தது.

இனி அவருடைய ஊர். லெஸ்டர். 1801இல் அங்கே 17,000 பேர் வாழ்ந்தார்கள். 1851இல் 60,000 பேர். 1871இல் 95,000 பேர். வீட்டுக்கு வீடு பின்னல் சட்டகம். அந்தச் சட்டகம் பின்னுபவனுக்குச் சொந்தமில்லை. முதலாளியிடமோ இடைத்தரகரிடமோ வாடகைக்கு எடுத்தது. வேலை இருந்தாலும் வாடகை, இல்லாவிட்டாலும் வாடகை. அந்தத் தொழிலாளியின் வறுமை ஆங்கிலத்தில் பழமொழியாகவே புழங்கியது.

இந்த ஊரை ஆண்டது யார்? ஒரு மேயர், 24 ஆல்டர்மன்கள், 48 பொதுக் குழு உறுப்பினர்கள். இவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்? அவர்களே அவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். ஓர் இடம் காலியானால் உள்ளே இருப்பவர்கள் சேர்ந்து தங்களுக்கு வேண்டிய ஆளை எடுத்துப் போடுவார்கள். கணக்கு வெளியே வராது. 1826 நாடாளுமன்றத் தேர்தலில் தங்கள் கட்சி வேட்பாளர்கள் ஜெயிப்பதற்காக இந்த நகரசபை 10,000 பவுன் செலவிட்டது. யாருடைய பணம்? ஊர்ச் சொத்தை அடமானம் வைத்து எடுத்த பணம்! பின்னல்காரன் பட்டினி கிடந்த ஊரில் இது நடந்தது.

1835இல் நாடாளுமன்றம் நகராட்சிச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. 178 நகரங்களின் பழைய சபைகள் கலைக்கப்பட்டன. வரி செலுத்துவோர் வாக்களித்துச் சபையைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அந்த டிசம்பர் மாதம் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் லெஸ்டரில் தேர்தல். 42 கவுன்சிலர் இடங்களில் 38ஐச் சீர்திருத்தக்காரர்கள் பிடித்தார்கள். பழைய கட்சிக்கு நான்கு! தாமஸ் பேஜெட் என்ற வங்கியாளர் முதல் மேயர். புதிய சபைக்கு ஒரு டவுன் கிளார்க் வேண்டும். 1836இல் அந்த நாற்காலியில் அமர்ந்தவர்தான் நம் சாமுவேல் ஸ்டோன்.

டவுன் கிளார்க் என்றதும் கோப்பு தூக்கும் குமாஸ்தா என்று எண்ணிவிடாதீர்கள். நகரசபையின் சட்ட ஆலோசகர் அவர். கூட்டத்தைக் கூட்டுபவர் அவர். தீர்மானத்தை எழுதுபவர் அவர். வாக்காளர் பட்டியலை ஒழுங்கு செய்பவர் அவர். ஊருக்கென்று தனிச் சட்டம் வேண்டுமென்றால் அதற்கான மசோதாவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோகும் வேலையும் அவர் அலுவலகத்துடையது. மேயர் ஆண்டுக்கு ஒருவர் வருவார், போவார். டவுன் கிளார்க் இருப்பார்.

ஸ்டோன் வந்து உட்கார்ந்தபோது அவருக்குக் கிடைத்த வரவேற்பு என்ன தெரியுமா? பழைய டவுன் கிளார்க் தாமஸ் பர்பிட்ஜ் பதவி போனதற்கு நஷ்டஈடு கேட்டு மல்லுக்கட்டினார். ஊரின் ஆவணங்கள் விஷயத்திலும் தகராறு. ஆண்டுக்கணக்கில் இழுத்தது அந்தச் சண்டை. தேர்தலில் வெல்வதற்கு ஒரு நாள் போதும். ஆட்சியைக் காகிதத்தில் கைப்பற்ற ஆண்டுகள் வேண்டும். அந்தக் காகித யுத்தத்தை நடத்தியவர் ஸ்டோன்.

புதிய சபை தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. பழைய ஆடம்பரம் எதுவும் வேண்டாம் என்று வெள்ளிப் பாத்திரங்களையும் நகரத்தின் செங்கோலையும் ஏலத்தில் விற்றுவிட்டது. செங்கோலை விற்றிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அது பழைய கும்பலின் சொத்தல்ல, ஊரின் சொத்து. ஆனால் கோபம் எவ்வளவு இருந்தது என்பதை அந்த ஏலம் காட்டுகிறது.

சபை கூடிய இடம் கில்டு ஹால். நான்கு நூற்றாண்டுகளைக் கடந்த மரக்கட்டுமானம். கறுத்த உத்தரங்கள், சாய்ந்த சுவர்கள், செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தை ஒட்டிய குறுகலான சந்து. மாடியில் 1632இல் அமைந்த நகர நூலகம். கீழே, 1836இல் புதிதாக அமைத்த போலீஸ் நிலையமும் லாக்கப் அறைகளும். லண்டன் போலீசிலிருந்து பிரடெரிக் குட்யர் என்பவரை அழைத்து வந்து, ஏறத்தாழ ஐம்பது பேர் கொண்ட படையை அமைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரே கட்டடம். ஒரு பக்கம் நூலகம், ஒரு பக்கம் சபை மண்டபம், ஒரு பக்கம் இரும்புக் கதவு போட்ட அறைக்குள் நேற்றிரவு பிடிபட்டவன். சட்டத்தைப் பற்றி எழுத வேண்டிய ஒருவருக்கு இதைவிட நல்ல இடம் எது?

நண்பர்களே, இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். அந்தப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது?

இங்கிலாந்தில் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' என்று ஒரு பதவி. சுருக்கமாக ஜே.பி. நம் நாட்டில் ஒரு காலத்தில் கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் இருந்தார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. சம்பளம் கிடையாது. சட்டப் படிப்பும் கிடையாது. கிராமப்புறத்தில் நிலக்கிழாரும் பாதிரியாரும் ஜே.பி.யாக இருந்தார்கள். லெஸ்டர் மாதிரி நகரங்களில் காலுறை வியாபாரியும் வங்கியாளரும் ஜே.பி.யாக இருந்தார்கள். நல்ல மனிதர்கள் பலர். ஆனால் சட்டம் படித்தவர்கள் அல்லர்.

இவர்கள் முன் வந்த வழக்குகள் என்ன? குடித்துவிட்டுச் சண்டை போட்டவன். முயலைத் திருட்டுத்தனமாக வேட்டையாடியவன். அனுமதி நேரத்துக்குப் பின் பீர் விற்றவள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போன தொழிலாளி. திருமணமாகாமல் பெற்ற குழந்தைக்குத் தகப்பனிடம் ஜீவனாம்சம் கேட்ட பெண். சாலையில் வண்டியை நிறுத்தி வழி மறித்தவன். வீடில்லாமல் திரிந்தவன். ஏழை மனிதன் தன் வாழ்நாளில் ஒரு நீதிமன்றத்தைப் பார்த்தான் என்றால் அது இந்த நீதிமன்றத்தைத்தான். வெஸ்ட்மின்ஸ்டரின் பெரிய நீதிமன்றங்களை அவன் பார்த்ததே இல்லை. லார்டு சான்சலர் என்ன தீர்ப்பு எழுதினால் அவனுக்கு என்ன? இந்த ஜே.பி. என்ன சொல்கிறார் என்பதுதான் அவன் அறிந்த சட்டம், அவன் அறிந்த அரசாங்கம், அவன் அறிந்த நீதி!

அந்த ஜே.பி.க்கு உதவி எது? அதுவரை ஒரு பெரிய நூல் இருந்தது. ரிச்சர்ட் பர்ன் என்ற பாதிரியார், தாமும் ஒரு ஜே.பி.யாக இருந்தவர், 1755இல் எழுதியது. அருமையான நூல். ஆனால் பதிப்புக்குப் பதிப்பு வீங்கிக்கொண்டே போனது. ஸ்டோன் காலத்தில் பல தடித்த வால்யூம்கள். அதை அலமாரியில் வைக்கலாம். எதிரே ஒருவன் கைகட்டி நிற்கும்போது, அவனைப் பிடித்துவந்த போலீஸ்காரன் காத்திருக்கும்போது, ஐந்து நிமிடத்தில் விடை தேட முடியுமா?

முடியாது. அதனால் என்ன ஆகும்? இரண்டில் ஒன்று ஆகும். ஜே.பி. தனக்குத் தோன்றியபடி தீர்ப்புச் சொல்வார். அல்லது பயந்துபோய் எதையும் செய்யாமல் விடுவார். பயத்துக்குக் காரணம் இருந்தது. அதிகாரம் இல்லாமல் ஒருவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டால் அவன் ஜே.பி. மீதே வழக்குப் போடலாம். தண்டனைப் பத்திரத்தில் வாசகம் பிசகினால், செர்ஷியோரரி ரிட் வாங்கி லண்டன் குயின்ஸ் பெஞ்சில் அதை உடைத்துவிடலாம். குற்றம் உண்மையாக இருக்கும், சாட்சி உண்மையாக இருக்கும், காகிதம் தவறாக இருக்கும், எல்லாம் போய்விடும்.

ஸ்டோன் இதைப் பார்த்தார். பார்த்தவர் எழுதினார். கையில் அடங்குகிற ஒரு புத்தகம். ஒரு ஜே.பி.யின் அன்றாடக் கடமைகளுக்கு வழிகாட்டி. அவ்வளவுதான் அதன் எல்லை. சட்ட வரலாறு அதில் கிடையாது, தத்துவ விசாரம் கிடையாது. என் முன் நிற்கும் இந்த வழக்கை விசாரிக்க எனக்கு அதிகாரம் உண்டா? தனியாக விசாரிக்கலாமா, இருவர் உட்கார வேண்டுமா? புகார் எத்தனை மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும்? எந்தச் சட்டம், எந்தப் பிரிவு? அதிகபட்ச அபராதம் எவ்வளவு? கட்டாவிட்டால் ஜப்தியா, சிறையா? அப்பீல் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு விடை. அகரவரிசையில் பொருளைத் தேடு, எடு, படி, தீர்ப்புச் சொல்.

இதில் என்ன பெருமை என்று யாராவது கேட்கலாம். ஒரு சிறுவனின் வழக்கை எடுத்துச் சொல்கிறேன். கற்பனைச் சிறுவன்தான், ஆனால் அவனைப் போல ஆயிரக்கணக்கானோர் உண்மையில் இருந்தார்கள். வயது பன்னிரண்டு. கடையிலிருந்து ஒரு ரொட்டியைத் திருடிவிட்டான். ஆண்டு 1846. ஜே.பி. முன் கொண்டுவருகிறார்கள். திருட்டு என்பது ஜூரி விசாரணைக்குரிய குற்றம். ஜே.பி. தாமே விசாரித்து முடிக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் காலாண்டு அமர்வுக்கு அனுப்ப வேண்டும். அதுவரை? ஜாமீன் கொடுக்க ஆள் இல்லாத ஏழைப் பையன் சிறையில் கிடப்பான். வாரக்கணக்கில். பழகிப்போன திருடர்களோடு. விசாரணை வருவதற்கு முன்பே அவன் தண்டனையை அனுபவித்து முடித்திருப்பான்.

மறு ஆண்டு, 1847இல், இளம் குற்றவாளிகள் சட்டம் வருகிறது. பதினான்கு வயதுக்கு மேற்படாதவன் செய்த சாதாரணத் திருட்டை இரண்டு ஜே.பி.க்கள் உட்கார்ந்து அங்கேயே விசாரித்து முடிக்கலாம். தண்டிக்கத் தேவையில்லை என்று தோன்றினால் விட்டும் விடலாம். 1850இல் அந்த வயது பதினாறாக உயர்கிறது. இப்போது சொல்லுங்கள். லண்டனில் சட்டம் நிறைவேறிவிட்டது. லெஸ்டரில் நிற்கும் அந்தப் பையனுக்கு அது எப்போது வந்து சேரும்? ஜே.பி.யின் மேசையில் இருக்கும் புத்தகத்தில் அந்த வரி ஏறும்போதுதான் வந்து சேரும்! பழைய புத்தகத்தைப் பார்த்து ஜே.பி. தீர்ப்புச் சொன்னால், நாடாளுமன்றம் கொடுத்த இரக்கம் அந்தப் பையன் வரை வராது. கைப்புத்தகம் எழுதுபவன் கையில் இருப்பது இந்தப் பொறுப்பு. அதைச் சின்ன வேலை என்று யார் சொல்வது?

புத்தகம் வந்த 1842ஆம் ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் சொல்ல வேண்டும். லெஸ்டரில் தொழில் படுத்துக் கிடந்தது. வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கம் ஊரை உலுக்கியது. செருப்புத் தொழிலாளியாக இருந்து கவிஞரும் பேச்சாளருமான தாமஸ் கூப்பர் லெஸ்டர் தொழிலாளர்களுக்குத் தலைவராக இருந்தார். அந்த ஆகஸ்ட் மாதம் நாடெங்கும் வேலைநிறுத்தம். லெஸ்டர் தெருக்களில் ஊர்வலம். மோமேக்கர் குன்றில் கூடிய கூட்டத்தைக் குதிரைப்படை விரட்டியடித்தது. வேறு ஊருக்குப் பேசப்போன கூப்பர் கைதாகி இரண்டாண்டு சிறைக்குப் போனார். கூட்டத்தைக் கலைக்கக் கலகச் சட்டத்தை எப்போது வாசிக்கலாம், யாரைப் பிடிக்கலாம், யாரைப் பிடிக்கக்கூடாது என்பதெல்லாம் அந்த ஆண்டு ஏட்டுக் கேள்விகள் அல்ல. உயிர் போகிற கேள்விகள். ஒரு ஜே.பி. சட்டம் தெரியாமல் இருப்பது அந்த ஆண்டில் எவ்வளவு ஆபத்து!

அதற்கு இரண்டாண்டு முன்னால் வில்லியம் பெயின்ஸ் என்ற கடைக்காரர், தான் போகாத தேவாலயத்துக்கு வரி கட்டமாட்டேன் என்று சொல்லி லெஸ்டர் சிறையில் இருந்தார். சிறையில் இருக்கும்போதே ஊர் மக்கள் அவரை நகரசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையின் டவுன் கிளார்க்தான் ஸ்டோன். சட்டமும் மனசாட்சியும் மோதிக்கொள்வதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. ஸ்டோன் காலத்துச் சட்டங்களில் பல அநியாயமானவை. 1823ஆம் ஆண்டு எஜமான் வேலையாள் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் மூன்று மாதம் வரை சிறை. எஜமான் மீறினால்? அது வெறும் பணத் தகராறு. ஒரே தவறு, ஒருவனுக்குச் சிறை, இன்னொருவனுக்குக் கணக்குத் தீர்ப்பு. அதையும் ஒற்றை ஜே.பி. விசாரித்து முடிக்கலாம். தொழில் நகரங்களில் ஜே.பி. யார்? பெரும்பாலும் இன்னொரு எஜமான். அந்தச் சட்டம் முழுதாக ஒழிய 1875 ஆகிவிட்டது. இப்படிப்பட்ட சட்டத்தைத் தெளிவாக எடுத்துச் சொல்லும் புத்தகம் எழுதுவது அநியாயத்துக்குக் கூர் தீட்டிக் கொடுப்பதாகாதா?

நான் இதை நெடுநாள் யோசித்திருக்கிறேன். ஆகாது என்றுதான் சொல்வேன். சட்டம் மூன்று மாதம் என்று எல்லை போட்டிருக்கிறது. அந்த எல்லை தெரியாத ஜே.பி. என்ன செய்வார்? எல்லையைத் தாண்டுவார். சாட்சியைச் சத்தியத்தின் பேரில் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தெரியாதவர் என்ன செய்வார்? எஜமானின் வாய்ச்சொல்லை நம்பிவிடுவார். கெட்ட சட்டத்திலும் எளியவனுக்கு இரண்டொரு காப்பு இருக்கும். அந்தக் காப்பு அச்சில் ஏறி எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். இன்னொன்றும் உண்டு. அநியாயம் பல வால்யூம்களுக்குள் புதைந்து கிடக்கும்வரை யாரும் அதை எதிர்க்க முடியாது. ஒரு பக்கத்தில், பிரிவு எண்ணோடு, தண்டனைக் கணக்கோடு எடுத்து வைத்தால்தான் எதிர்ப்பவனுக்கு இலக்கு தெரியும்.

மேலே போவோம். 1848இல் பெரிய மாற்றம் ஒன்று வந்தது. அப்போதைய அட்டர்னி ஜெனரல் சர் ஜான் ஜெர்விஸ் மூன்று சட்டங்களைக் கொண்டுவந்தார். ஜே.பி. முன் விசாரணை நடக்கும் முறை ஒரு சட்டத்தில். பெரிய குற்றங்களில் முதல்கட்ட விசாரணை ஒரு சட்டத்தில். ஜே.பி.க்களுக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்பு ஒரு சட்டத்தில். நூறு சட்டங்களில் சிதறிக் கிடந்த நடைமுறை ஒன்றாகத் திரண்டது. சம்மன், வாரண்ட், தண்டனைப் பத்திரம் ஆகியவற்றின் மாதிரிப் படிவங்கள் சட்டத்தின் அட்டவணையிலேயே அச்சாகி வந்தன. தனிக் காலவரையறை சொல்லப்படாத புகார்களுக்கு ஆறு மாதம் என்று பொது வரம்பு வந்தது.

சட்டம் மாறினால் பழைய கைப்புத்தகத்தின் கதி என்ன? குப்பைதான். பல நூலாசிரியர்கள் அந்த இடத்தில் ஓய்ந்துவிடுவார்கள். ஸ்டோனின் புத்தகம் ஓயவில்லை. 1855இல் ஐந்து ஷில்லிங்குக்கு உட்பட்ட திருட்டுகளும் சிறு நீதிமன்றத்துக்கு வந்தன. உணவுக் கலப்படச் சட்டம், சுகாதாரச் சட்டம், மதுக்கடை உரிமச் சட்டம், ஆரம்பக் கல்விச் சட்டம் என்று விக்டோரியா காலத்து நாடாளுமன்றம் எதைச் செய்தாலும் அதன் அபராதப் பிரிவு கடைசியில் ஜே.பி.யின் தலையில்தான் வந்து விழுந்தது. ஒவ்வொன்றும் புத்தகத்தில் ஏறியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்துவிட்டன. ஸ்டோனுக்குப் பிறகு வேறு கைகள் அதைத் திருத்தின. அவர்களில் ஒருவர் நாரிச் நகரத்தின் டவுன் கிளார்க் கென்னட். ஒரு டவுன் கிளார்க் விட்ட இடத்தில் இன்னொரு டவுன் கிளார்க் தொடர்ந்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஸ்டோன் புத்தகம் மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர் அல்லர். அவர் டவுன் கிளார்க்காக இருந்த காலத்தில்தான் லெஸ்டர் அடிப்படை வசதிகள் கொண்ட நகரமாக மாறத் தொடங்கியது. சாக்கடை இல்லாத ஊர், நல்ல தண்ணீர் இல்லாத ஊர், கோடையில் வயிற்றுப்போக்கில் பச்சிளங்குழந்தைகளை வாரிக்கொடுத்த ஊர். 1848ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை முதலில் ஏற்ற நகரங்களில் லெஸ்டர் ஒன்று. 1849இல் வெல்ஃபோர்டு சாலையில் புதிய இடுகாடு. அதே ஆண்டு பொது அருங்காட்சியகம். 1853இல் தார்ன்டன் நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர். 1855இல் தாமஸ் விக்ஸ்டீட் என்ற பொறியாளரின் கழிவுநீர் நிலையம். கழிவைச் செங்கல்லாக்கி உரமாக விற்கலாம் என்று கனவு கண்டார்கள். உழவர்கள் வாங்கவில்லை, திட்டம் படுத்தது. சபைக்குள் சண்டைக்கும் குறைவில்லை. வரியைக் குறை என்பார் ஒரு சாரார். ஊரை அழகாக்கு என்பார் இன்னொரு சாரார். ஒவ்வொரு முடிவுக்கும் ஒப்பந்தம் வேண்டும், நோட்டீஸ் வேண்டும், சில சமயம் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே வேண்டும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதற்கு முன்னால் எத்தனை கட்டுக் காகிதம் ஓடியிருக்கிறது என்பதை யார் நினைக்கிறார்கள்? சொலிசிட்டர் நினைப்பார்.

1872இல் ஸ்டோன் பதவியை விட்டார். அடுத்த சில ஆண்டுகளில் லெஸ்டருக்குப் புதிய டவுன் ஹால் வந்தது. பழைய கில்டு ஹாலை இன்று அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அந்த லாக்கப் அறைகளை இப்போதும் பார்க்கலாம்.

புத்தகமோ வளர்ந்துவிட்டது. கையடக்கமாகத் தொடங்கியது, மெல்லிய தாளில் ஆயிரக்கணக்கான பக்கங்களாகப் பல வால்யூம்கள் ஆகிவிட்டது. ஒரு காலத்தில் பர்ன் நூலுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்திருக்கிறது. ஸ்டோன் பார்த்தால் இதைச் சுருக்கு என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். ஆனாலும் இங்கிலாந்தில் குற்ற வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் இன்றும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே முடிகின்றன. அங்கே உட்காரும் மாஜிஸ்திரேட்டுகளில் பெரும்பாலோர் இன்றும் சம்பளம் வாங்காத பொதுமக்கள். அவர்களுக்குச் சட்டம் சொல்ல ஒரு சட்ட ஆலோசகர் பக்கத்தில் இருப்பார். அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஸ்டோன் இருப்பார்.

அன்பர்களே, நான் முடிக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். 2024 ஜூலை முதல் தேதி நம் நாட்டின் மூன்று பெரிய குற்றவியல் சட்டங்கள் ஒரே நாளில் மாறின. பிரிவு எண்கள் மாறின, நடைமுறை பல இடங்களில் மாறியது. நம் மாநிலத்தில் மாவட்ட நீதிமன்றத்திலும் அதற்குக் கீழும் நீதிமன்ற மொழி தமிழ். போலீஸ் நிலையத்து எழுத்தர், சட்ட உதவி மையத்துத் தன்னார்வலர், ஊராட்சித் தலைவர், மகனை ஜாமீனில் எடுக்க வந்து வராந்தாவில் நிற்கும் தாய் ஆகிய எல்லோருக்கும் பிடிபடும் தமிழில் கைப்புத்தகங்கள் வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் போதும். என்ன அதிகாரம், எத்தனை நாள், என்ன படிவம், எங்கே அப்பீல். ஆண்டுதோறும் திருத்த வேண்டும்.

சட்டக் கல்லூரி மாணவர்களே, இளம் வழக்கறிஞர்களே, இந்த வேலைக்கு மேதைகள் வேண்டாம். ஐந்தாறு பேர் ஒன்றாக உட்காருங்கள். உங்கள் சீனியர்களிடம் படிவங்களைக் கேட்டு வாங்குங்கள். ஜாமீனில் தொடங்குங்கள், ஜீவனாம்சத்துக்குப் போங்கள், அதன் பிறகு செக் வழக்கு, விபத்து வழக்கு. எழுதியதை ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்ற எழுத்தரிடம் காட்டித் திருத்துங்கள். அச்சுச் செலவுக்கு வழி பண்ண இந்த அவையில் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நானே வந்து கேட்கிறேன்.